இரண்டு பேருக்கு ஒரு ஷூ

யாராவது சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் திரோயாவுக்குப் பயம் வந்துவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சண்டைக்கு வந்தவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிரித்தபடி வருகிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள்.

தராவாத் தீவில் கடலுக்குள் போட்ட நீளச் சாலையின் ஓரத்தில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்கிறவள் அவள். கடலே கரையேறி வந்து கையில் மீனைக் கொடுத்தாலும் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள் என்று பக்கத்துப் பெட்டிக்காரிகள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டு மிதிவண்டியை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவில்லையே. தையல் மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவில்லையே. திரோயா வீட்டிலிருந்து இரண்டும் போயின. அவள் சேர்த்த நல்ல தாழம்பாய்களும் போயின. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பெரிய பானைகூட ஒரு நாள் சித்தி மகனோடு படகேறிப் போனது.

எங்களிடம் புபுஸி என்று ஒரு வழக்கம். சொந்தக்காரர் வந்து அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்ன வீட்டின் பெயர், ஊர் கூடும் மண்டபமான மனெயாபாவில் ஒரு பொழுதுக்குள் நாறிவிடும். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இன்று என்னிடம் கேட்டவனிடம் நாளைக்கு நான் போய்க் கேட்கலாம். அப்படித்தான் பொருள் ஊரைச் சுற்றி வருகிறது, உறவும் சுற்றி வருகிறது. ஆனால் திரோயா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்க அவளுக்கு வாய் வராது. கொடுத்துக்கொண்டே இருந்து, ஒரு நாளும் கேட்காமல் இருந்தால் மனிதருக்கு மனம் கசந்து போகாமல் என்ன செய்யும்?

அவள் புருஷன் பரனிகோ இதற்கு நேர் எதிர். வந்தவர் உட்கார்ந்து பதநீர் குடித்து முடிப்பதற்குள், என்ன கேட்கப் போகிறார் என்று ஊகித்து உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கிற ஆள்.

"அந்த ஆள் வாயையே தொறக்கல. நீ எதுக்கு எடுத்துக் கொடுத்த?" என்பாள் திரோயா.

"கேக்க வச்சா அவருக்குக் கூச்சமா இருக்கும்ல."

"எனக்கு மட்டும் வயித்தெரிச்சலா இருக்காதா?"

"உனக்கு எது கொடுத்தாலும் எரியும், கொடுக்காட்டியும் எரியும். மீனைக் கழுவு."

தீவு வளைத்துக்கொண்ட உள்கடலான லகூனில் அவன் வலை போட்டுக் கொண்டுவருகிற மீனைத்தான் அவள் விற்றாள். மீன் நிறைந்த ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் வைத்த ஒரு நாளில்தான் கபுவாத்தி அவளைப் பார்த்தார். பளுதூக்கும் அணிக்குப் பயிற்சியாளர். நல்ல மனிதர்; தாராளமாகத் தொப்பை வைத்தவர். வந்து சிரித்தார். இவரும் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று திரோயா பெட்டியை மூடிவிட்டாள். அவர் கேட்டது மீனை இல்லை, அவளையே. அது அவளுக்குப் பிடித்துப்போனது. கம்பியையும் இரும்பு வட்டுகளையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. தூக்கினால் தூக்கியது அவள். அதைத் தான் தூக்கியதாக எந்தச் சித்தி மகனும் சொல்ல முடியாது.

பசிபிக் தீவுகளுக்கான விளையாட்டு விழாவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தபோது அவள் மனதில் இருந்தது ஒன்றுதான்: ஒரு பதக்கம். தங்கமாக இருக்க வேண்டியதில்லை. சமோவாக்காரியையும் ஃபிஜிக்காரியையும் தாண்ட முடியாது என்று அவளுக்கே தெரியும். வெண்கலம் போதும். அவள் பெயரில், அவள் கழுத்தில் விழுந்த பொருள் ஒன்று. வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள், கேட்க முடியாது.

மீன் விற்ற காசில் அவள் வாங்கிய ஒரே நல்ல பொருள் ஒரு ஜோடி ஷூ. பளுதூக்குகிறவர்கள் போடுவது, குதிகால் மரக்கட்டை போல உயர்ந்து, அசையாமல் நிற்கும். சாதாரண ஓட்ட ஷூவில் அடி மெத்தென்று அமுங்கும், பாரம் தலைக்கு மேல் போகும்போது உடம்பு ஆடிவிடும். அவளுடையது அகலமான பாதம். அந்த அளவுக்கு ஷூ கிடைக்கவே கபுவாத்தி எங்கெங்கோ சொல்லிவைக்க வேண்டியிருந்தது. வந்த அன்றே அதை அரிசிச் சாக்குக்குள் போட்டுக் கட்டி உத்திரத்தில் ஏற்றிவிட்டாள். பயிற்சிக்குப் போகும்போதும் சாக்கோடுதான் போவாள். சாக்கில் என்ன என்று கேட்டால் அரிசி என்பாள்.

விழா ஃபிஜியின் தலைநகரான சுவாவில் நடந்தது. போய் இறங்கிய உடனேயே அந்த நாட்டின் ராம்பித் தீவில் குடியேறிய எங்கள் சனம் பார்க்க வந்துவிட்டார்கள். அவித்த கிழங்கும் கருவாடும் கொண்டுவந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், அணிச் சட்டைகளைக் கேட்டார்கள். கேட்டால் என்ன செய்வது? துவக்க விழா அணிவகுப்பில் எங்கள் அணி மட்டும் ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு நடந்ததற்குக் காரணம் இதுதான். பார்த்தவர்கள் பாவம் ஏழைகள் என்று நினைத்திருப்பார்கள். ஏழ்மையெல்லாம் இல்லை, சொந்தம் ஜாஸ்தி. கபுவாத்தி தன் கைக்கடிகாரத்தையே ஒரு மாமாவுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். முழுச் சீருடையில் நடந்தது திரோயா ஒருத்திதான். ராம்பிக்காரர்கள் வந்தபோதெல்லாம் அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு இருந்தாள்.

போட்டிக்கு முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். நவுருத் தீவின் அணிச் சட்டை. திரோயாவின் எடைப் பிரிவில் தூக்கப்போகிறவள். பயிற்சியில் திரோயா அவளைப் பார்த்திருக்கிறாள், வெண்கலத்துக்கு இவளும் ஆசைப்படுகிறாள் என்று பார்த்ததும் கணக்குப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் சிரித்தாள்.

"அக்கா, நான் ரொமினா."

திரோயா தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். உங்க தாத்தா இயோத்தெபாவோட தங்கச்சி தியெரி இருந்தாங்கல்ல, பாஸ்பேட் வெட்டப் போனவரைக் கட்டிக்கிட்டு நவுருவுக்கு வந்தவங்க. அவங்க பேத்தி நான்."

தாத்தாவுக்கு ஒரு தங்கை நவுருவில் இருந்தாள் என்று திரோயா சின்ன வயதில் கேட்டதுண்டு. ஆனால் அது யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடிய சங்கதிதானே. எதையாவது வாங்கிக்கொண்டு போவதற்காக ஒருத்தி இரண்டு பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்யமாட்டாளா?

"தாத்தா ஊர் தமானாவுல, மனெயாபாவுல நம்ம வீட்டுக்காரங்க எந்தத் தூண்கிட்ட உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

ரொமினா முழித்தாள். "தெரியாதுக்கா. நான் தமானாவைப் பாத்ததே இல்ல."

"தாத்தாவுக்கு எந்த விரல் கிடையாது?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? ஆனா இதைப் பாருங்க." செருப்பைக் கழற்றிக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தாள். அகலமான பாதம், விரல்கள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. "இந்தக் காலுக்கு வேற எங்கேயாவது அச்சு இருக்கா? எங்கம்மா சொல்லும், தமானாக் காலு, படகு இல்லாமலே தண்ணில நிக்கும்னு."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரோயா சிரிக்கவில்லை. பெரிய கால் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது.

"எதுக்கு வந்த?"

ரொமினாவின் முகம் மாறியது. "என் பை வரலக்கா. விமானத்துல எங்கேயோ மாட்டிக்கிச்சு. ஷூ அதுலதான் இருக்கு. ஊரெல்லாம் தேடியாச்சு, மத்தவங்க ஷூவையெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கட்டை விரல்கூட நுழையல. உங்க ஷூ எனக்குச் சரியா இருக்கும். நீங்க தூக்கும்போது நீங்க போட்டுக்குங்க, என் முறை வந்தா நான் போட்டுக்கறேன்." காலைக் கீழே இறக்கினாள். "புபுஸி, அக்கா."

அந்த வார்த்தை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கபுவாத்தி மெல்லுவதை நிறுத்தினார். எல்லோரும் திரோயாவைப் பார்த்தார்கள்.

"சரி" என்றாள் திரோயா. வேறு என்ன சொல்ல முடியும்?

ரொமினா கையைப் பிடித்து முகர்ந்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் திரோயா கபுவாத்தியிடம் திரும்பினாள்.

"இவ சொந்தம்தானான்னு உங்களுக்குத் தெரியுமா, அண்ணே?"

"கேட்டாச்சு, நீயும் சரின்னுட்ட. இனிமே என்ன?"

"அவ என் ஷூவைப் போட்டுக்கிட்டு என்னையே தோக்கடிச்சா?"

"அப்பவும் பதக்கம் குடும்பத்துக்குள்ளதான் இருக்கும்."

"குடும்பமான்னுதானே கேக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்? பரனிகோவுக்குப் போன் போட்டுக் கேளு. அவனுக்குத்தான் உலகத்துல எல்லாரும் சொந்தம்."

போட்டாள். பரனிகோ போனை அணைத்து வைத்திருந்தான், இல்லை லகூனில் இருந்தான். மறுநாள் காலையிலும் அதேதான். எடுக்காத போனும் அவளுக்கு ஒரு சாட்சியாகப் பட்டது. சந்தேகம் பிடித்தவளுக்கு எதுதான் சாட்சி இல்லை?

போட்டியில் முதல் பாதி, கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது, எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. திரோயா தூக்கிவிட்டு வந்து உட்காருவாள். ரொமினா அவள் காலடியில் மண்டியிட்டு ஷூவைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்ததும் தானே கழற்றித் திரோயாவுக்குப் போட்டுவிட்டு நாடாவையும் கட்டிவிடுவாள். மற்ற நாட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டோங்காக்காரர் ஒருவர் கைதட்டினார். ஷூ உள்ளே சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. அது தன் வியர்வையா அவள் வியர்வையா என்று திரோயா யோசித்தாள்.

இரண்டாம் பாதி, தோளில் நிறுத்திப் பிறகு தலைக்கு மேல் தூக்குவது. சமோவாவும் ஃபிஜியும் எட்டாத உயரத்தில் போய்விட்டார்கள். மூன்றாம் இடத்துக்கு இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம், அதுவரை கணக்கில் இருவரும் சமம். குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்க வேண்டும். கடைசி முறைக்குக் கபுவாத்தி திரோயாவின் எடையைச் சொன்னதும், நவுருப் பயிற்சியாளர் ரொமினாவுக்கு அதைவிட ஒரே ஒரு கிலோ கூடுதலாகச் சொன்னார்.

எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்வார். அதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் திரோயாவுக்கு அப்படித் தோன்றவில்லை. நான் தூக்கி முடிக்க வேண்டும். இறங்கி வந்து ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவள் அதைப் போட்டுக்கொண்டு போய் ஒரு கிலோவில் என்னை முந்துவாள். இதற்குத்தான் அக்கா, இதற்குத்தான் தாத்தா, இதற்குத்தான் அந்தக் கால். மிதிவண்டி போன மாதிரி, மெஷின் போன மாதிரி, இதுவும் சிரித்தபடியே போகப்போகிறது.

ரொமினா நாடாவைக் கட்டிவிட்டு எழுந்தாள். "தூக்குங்கக்கா. உங்களுக்கு வரும்" என்றாள். அவள் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் திரோயா குனிந்தாள். நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சூரை மீன் தூண்டிலுக்கு அவள் அப்பா போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். ஈரம் பட்டால் கத்திதான். இரண்டு காலிலும் போட்டாள்.

கை பழக்கத்தில் அதுவாகப் போட்டுவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை அதுவாகப் போடாது.

மேடையேறினாள். கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். ஒரு மூச்சு நின்றாள். தூக்கினாள். முழங்கை நிமிர்ந்தது, கால் அசையவில்லை, செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. வாழ்க்கையில் அவ்வளவு எடையை அவள் தூக்கியதில்லை. கூட்டம் கத்தியது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். ரொமினா அதற்குள் தரையில் மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு இருப்பது ஒரு நிமிடம். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. சுண்ணாம்புப் பொடி அப்பிய விரல்கள் நாடாவைத் தொட்டு, இழுத்து, நின்றன.

"அக்கா."

"இறுகிப்போச்சு" என்றாள் திரோயா. "வியர்வைல."

ரொமினா மற்றக் காலைத் தொட்டுப் பார்த்தாள். அங்கும் அதேதான். அவள் அப்பாவும் சூரை பிடிக்கிறவர். அந்த முடிச்சை அவளுக்குத் தெரியாதா? தலையை நிமிர்த்தித் திரோயாவின் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ தெருவில் போகிறவளை இன்னார் என்று அடையாளம் பார்ப்பது போலப் பார்த்தாள். நவுருப் பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, பெஞ்சுக்கு அடியில் கிடந்த தன் ஓட்ட ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

தோளுக்கு வந்தது. அதுவரை நன்றாகத்தான் வந்தது. தலைக்கு மேல் தள்ளியபோது குதிகால் அமுங்கியது, இடது முழங்கால் ஆடியது, கம்பி முன்னால் விழுந்தது.

கபுவாத்தி கூத்தாடிக்கொண்டு வந்தார். வெண்கலம். எங்கள் அணிக்கு அந்த விழாவில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. பரிசு மேடைக்குப் போகும் முன் ஷூவைக் கழற்றிக் கொஞ்சம் காலை ஆற்றிக்கொள் என்று அவரே குனிந்தார். நாடாவைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றது. மருத்துவரிடம் கத்தரிக்கோல் வாங்கிவந்து இரண்டு முடிச்சையும் வெட்டினார்.

"நல்லா கட்டியிருக்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

சாயங்காலம் பரனிகோ போனில் வந்தான். ஊரே அவன் வீட்டில் கூடியிருக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"தொடர்ந்து போன் அடிச்சிருக்கியே. நான் கடல்ல இருந்தேன். ஏய், ரேடியோவுல உன் பேரைச் சொன்னான்."

"நவுருல தியெரிப் பாட்டிக்குப் பேத்தி யாராவது இருக்காளா?"

"ரொமினாதானே? பாத்தியா அவளை? உன்னை மாதிரியே தூக்குறவ. பை தொலைஞ்சுபோச்சுன்னு அவங்கம்மா எனக்கு அழுதுக்கிட்டு போன் பண்ணுச்சு. என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, போய்க் கேக்கச் சொல்லு, இல்லேன்னு சொல்லமாட்டான்னேன். கேட்டாளா?"

"கேட்டா."

"கொடுத்தியா?"

 பின்னால் யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

"கொடுத்திருப்ப" என்றான் பரனிகோ. "நீ மூஞ்சியைத்தான் காட்டுவ. கொடுத்துடுவ."

சாப்பாட்டுக் கூடத்துக்கு அவள் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகவில்லை, கையில் சுருட்டி வைத்துக்கொண்டு போனாள். எங்கள் மேசை, துவாலுக்காரர்கள் மேசை, அதற்கு அடுத்து நவுரு. ரொமினா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை, விமானச் சீட்டுகள் தொங்கத் தொங்க. தொலைந்த பை, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்திருந்தது.

"ரொமினா."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். பெரியவர்களுக்கு எழுந்து நிற்பது போல மரியாதையாக. "சொல்லுங்க."

அக்கா என்ற வார்த்தை வருமா என்று திரோயா காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"எங்கிட்ட ஏதாவது கேளு" என்றாள்.

"எதுக்குங்க?"

"எதுவா இருந்தாலும் சரி. ஷூவைக் கேளு. இதைக் கேளு." கையை விரித்தாள். நாடாவோடு பதக்கம் கிடந்தது. எவரும் கேட்க முடியாத பொருள் என்று அவள் நினைத்திருந்தது அதுதான். "கேட்டா கொடுக்கறேன்."

"அது உங்களுது. நீங்க தூக்கினது. என் ஷூவும் வந்துடுச்சு."

ரொமினா உட்காரப் போனாள். அப்போதுதான் திரோயா அதைச் சொன்னாள். ஆயுளில் ஒரு தடவைகூட அவள் வாயில் வராத வார்த்தை.

"புபுஸி" என்றாள்.  "நான் உங்கிட்டக் கேக்கறேன், தங்கச்சி. எங்கிட்ட ஒண்ணு கேளு. அவ்வளவுதான்."

எங்கள் மேசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கபுவாத்தி கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். சொந்தக்காரி என்றால் அந்த வார்த்தைக்கு மறுப்பு கிடையாது. அது கூடத்தில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ரொமினாவுக்கும் தெரியும், முதல் நாள் அதே கூடத்தில் அவளே சொன்னதுதானே.

 ரொமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தட்டை எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள், மெதுவாக. "நான் நவுருக்காரி. இந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது."

இன்னொரு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். சொந்தமில்லாத அந்நியர் வந்து புபுஸி என்று கேட்டால் நாங்களும் அப்படித்தான் சொல்லி அனுப்புவோம்.